பலகை வாங்கும் குழி

எட்டடி அகலம், இருபத்தெட்டு அடி நீளம். அட்டனுக்குப் போகிற வழியில், ஒரு சின்னக் கடைத்தெருவில் என் வீட்டுக்காரர் பிடித்த இடம் அதுதான். ஒரு பக்கம் தையல் கடை, மறுபக்கம் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்குகிற அறை. முன்னால் ரோட்டு, பின்னால் மலை. மலை என்றால் தூரத்தில் தெரிகிற மலை இல்லை. பின்சுவரோடு முட்டிக்கொண்டு நிற்கிற மண்மேடு. அது மூன்று ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அதற்கு மேலே தோட்டத்துத் தேயிலை ஆரம்பிக்கும். எங்கள் பக்கத்தில் கடைத்தெருக்கள் எல்லாம் அப்படித்தான். மலையில் ரோட்டுக்கு வெட்டியது போக மிஞ்சியதில்தான் கடை.

அந்த இடத்துக்குள் இரண்டு பெரிய மெஷினைக் கொண்டுவந்து வைத்தோம். அதற்காக ஒரு குழி வெட்டினோம். அந்தக் குழிக்குள் என் கூடப்பிறந்த அண்ணனைக் கொண்டுபோய் நிறுத்தியவள் நான்தான். அதைத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லும்போது கூட்டியும் குறைத்தும் சொல்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் தச்சர், எங்கள் ஊர்ப் பேச்சில் பாஸ். தோட்டத்து ஃபெக்டரியில் வேலை பார்த்தவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு அங்கே தச்சு வேலை குறைந்துபோனது. சும்மா உட்கார வைத்து நாட்கூலிக்குப் பேர் போடுகிற வேலை எனக்கு வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டார். நானும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவரோடு வந்தேன். பதினெட்டு வருசம் மலையில் கொழுந்து எடுத்தவள் நான். என் கூடையைக் கிளறிப் பார்த்து முற்றல் இலை என்று ஒரு கங்காணி சொன்னதில்லை. இதை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மண்ணைப் பற்றித் தெரியும்.

கொத்மலையில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தண்ணீருக்குள் போகப்போகிற ஊர்களில் ஆட்கள் வீட்டுக் கதவுகளைக்கூடக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு மர ஆலையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இவர் போனார். நானும் கூடப் போனேன். ஒன்று பட்டைவாள் மெஷின். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், என்னைவிட உயரம். மற்றது சீவுளி மெஷின். இந்தப் பக்கம் பலகையைக் கொடுத்தால் உருளை இழுத்துக்கொண்டு போய், சீவி, அந்தப் பக்கம் தள்ளும். முழுக்க வார்ப்பிரும்பு. படுத்துக்கிடக்கிற எருமை மாதிரி இருந்தது.

ஆலைக்கார முதலாளி வயதான சிங்கள மனுசர். தமிழ் கொஞ்சம் பேசுவார். சீவுளி மெஷின் தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "பாஸ், இது கட்டிப் போட்டா சரி வராது. முன்னுக்கும் வெளி வேணும், பின்னுக்கும் வெளி வேணும்."

"வெளியெல்லாம் நல்லா இருக்கு மஹத்தயா" என்றார் இவர்.

திரும்பி வருகிறபோது லொறியில் கேட்டேன். "எங்கங்க இருக்கு வெளி?"

"ஒன் வாயில இருக்கு. கொஞ்சம் மூடிக்கிட்டு வா."

லொறிக்காரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ரோட்டுக்குக் கீழே, காலி செய்த வீடுகள் கதவும் ஜன்னலும் இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

மெஷின்களை உள்ளே கொண்டுபோக இரண்டு நாள் ஆனது. முன்பக்கப் பலகைகளையெல்லாம் கழற்றி, நிலையைப் பெயர்த்து, தரையில் உருட்டுக்கட்டை போட்டு எட்டு ஆட்கள் தள்ளினார்கள். பட்டைவாளின் மேல்சக்கரம் கூரையில் இடித்தது. தகரத்தை வெட்டி, அதற்கு மட்டும் ஒரு கூண்டு கட்டினார். ரோட்டிலிருந்து பார்த்தால் கூரைக்குத் தொப்பி போட்டதுபோல இருக்கும். அதை முன்னால் வைத்தார். சீவுளியைக் கடைசியில், பின்சுவர் ஓரத்தில் வைத்து, கொங்கிரீட் போட்டு இறுக்கினார். இடது பக்கம் மோட்டாரும் பெல்ட்டும். வலது பக்கம், தையல் கடைப் பலகைச் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில், ஒரு சந்து. என் கையால் சாண் போட்டுப் பார்த்தேன். ஒரு சாணும் நாலு விரலும் இருந்தது.

எல்லாம் முடிந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் கொளுத்தி, முதல் பலகையை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு அடிப் பலகை. மூன்று அடி உள்ளே போனதும் பின்சுவரில் முட்டி நின்றது. உருளை கிறீச்சென்று கத்தியது.

மெஷினை அங்குலம் அங்குலமாக அளந்திருந்தார். பலகையை அளக்கவில்லை. பன்னிரண்டு அடிப் பலகை உள்ளே போக பன்னிரண்டு அடி வேண்டுமென்றால், வெளியே வரவும் பன்னிரண்டு அடி வேண்டுமே. கொத்மலையில் அந்த மெஷின் நான்கு தூணும் ஒரு கூரையுமாகத் திறந்த கொட்டிலில் நின்றது. சுவர் என்று ஒன்று இருக்கும் என்கிற நினைப்பே அவருக்கு வரவில்லை.

ஆட்களுக்கு முன்னால் அவமானம். தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்னா பாஸ், பலகைய மடிச்சு வுட ஏலாதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் குழி வெட்ட வைத்தது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். மறுநாள் காலையில் பின்சுவரை உடைத்தார். அதற்கப்பால் மண்மேட்டைக் குடைந்தார். ஒன்பதடி ஆழம், ஒரு ஆள் நின்று கையை விரிக்கிற அகலம், தலை இடிக்காத உயரம். வெட்டிய மண்ணைச் சுமந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டியவள் நான். பழைய கொழுந்துக் கூடையில்தான் சுமந்தேன். மூன்றாம் நாள், வெட்டின சுவரில் வேர்கள் வந்தன. மேலே நிற்கிற தேயிலையின் வேர். கட்டைவிரல் கனத்தில், கீழே பார்த்து இறங்கியிருந்தன.

"இத வெட்டாதீங்க" என்றேன். "இதுதான் மேட்டப் புடிச்சுக்கிட்டு நிக்குது."

"பலகை சிக்கும்" என்றார்.

அவர் தச்சர். நீட்டிக்கொண்டிருக்கிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கைவாளை எடுத்து ஒவ்வொரு வேராக, சுவரோடு சுவராக, மட்டமாக அறுத்தார். அறுத்துவிட்டுக் கையால் தடவிப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. ஈர மண்ணில் வெள்ளை வெள்ளையாக அறுந்த வட்டங்கள். அறுந்த துண்டுகளையும் நான் கூடையில் அள்ளிப் போட்டேன்.

குழிக்குள் நின்று பலகை வாங்க ஒரு ஆள் வேண்டும். முதலில் நான் நின்றேன். பிறகு என் அண்ணனைச் சொன்னேன். அவர் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். வாரத்தில் மூன்று நாள்தான் பேர் விழுந்துகொண்டிருந்தது. பெரிய உடம்பு. வாயே திறக்க மாட்டார். மச்சான் சொல்வதுதான் சட்டம் என்று இருப்பார். அந்தக் குழிக்கு வேறு வழி கிடையாது. போவதும் வருவதும் அந்த ஒரு சந்து வழியாகத்தான். அண்ணன் வயிற்றை எக்கிக்கொண்டு, ஒருசாய்த்து நண்டு மாதிரி உள்ளே போவார். "நான் போறேன் தங்கச்சி, அந்திக்குப் பாப்போம்" என்பார். மத்தியானச் சோற்றை மெஷினுக்கு மேலாகக் கொடுப்பேன்.

வேலை நன்றாக நடந்தது. கொத்மலையிலிருந்து எழும்பின சனத்துக்கு வேறு இடத்தில் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு, நிலை, ஜன்னல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காலையிலிருந்து அந்தி வரை சீவுளி அலறும். அது ஓடுகிறபோது தரை நடுங்கும். தையல்காரர் கடையில் நூல்கட்டைகள் தானாக உருண்டு விழும்.

ஆனி மாதம் மழை பிடித்தது. நிற்காமல் மூன்று வாரம். அப்போதுதான் சீவுளி சாய ஆரம்பித்தது. பலகை ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் வந்தது. ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தார். குமிழி ஓரத்தில் நின்றது. "கொங்கிரீட் இறங்குது" என்றார். பலாக் கட்டையில் ஆப்பு செதுக்கி, மெஷினுக்கு அடியில் வைத்து அடித்தார். குமிழி நடுவுக்கு வந்தது. நாலு நாள் கழித்து மறுபடியும் ஓரத்துக்குப் போனது. மறுபடியும் ஆப்பு. மழை விட்ட பிறகும் சாய்வது நிற்கவில்லை. அப்படியே ஒன்பது ஆப்பு அடித்தார். ஒவ்வொன்றையும் சீவி, நறுக்கி, வேலைப்பாடாகத்தான் செய்தார். ஒன்பது ஆப்பு எதற்கு என்று மட்டும் யோசிக்கவில்லை. பழியை அண்ணன்மேல் போட்டார்.

"மச்சான், பலகைய வாங்கத்தான் சொன்னேன். மெஷினப் புடிச்சு இழுக்கச் சொல்லல."

"நான் இழுக்கல்லீங்க மாப்ள" என்பார் அண்ணன்.

அதோடு இன்னொரு கேலியும் சேர்ந்துகொண்டது. அண்ணன் சந்துக்குள் நுழைய முன்னைவிடக் கஷ்டப்பட ஆரம்பித்தார். சட்டை மெஷினில் சிக்கிக் கிழிந்தது. ஒருநாள் நெஞ்சு சிராய்த்து ரத்தம் வந்தது. இவருக்கு ஒரே சிரிப்பு.

"ஏ புள்ள, ஒங்க அண்ணனுக்கு அளவாப் போடு. தங்கச்சி சமையல்ல மச்சான் மாசமா இருக்காரு."

தையல்காரரும் சேர்ந்துகொண்டார். "சட்டைக்குத் துணி கூட எடுத்து வைங்க பாஸ்."

அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமா, நம்பினேன். நான் போடுகிற சோறு உடம்பில் ஒட்டுகிறது என்று எனக்குள் ஒரு பெருமை. அடுத்த வாரம் அண்ணன் சோற்றில் ஒரு அகப்பை குறைத்தேன். பிறகு இன்னொன்றும் குறைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அண்ணன் குளித்துவிட்டு வந்து, இடுப்பில் சாரத்துக்கு மேல் கட்டுகிற தோல் வாரை என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, இதுல இன்னொரு ஓட்டை போட்டுக் குடு. நிக்க மாட்டேங்குது."

வாரை வாங்கிப் பார்த்தேன். பழைய ஓட்டை இரண்டு, தேய்ந்து நீண்டு கிடந்தன. அண்ணன் இளைத்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்தேன். கழுத்து எலும்பு தெரிந்தது. நாலு வாரமாக நான் குறைத்துப் போட்ட சோறு அங்கே தெரிந்தது.

ஆள் இளைத்திருக்கிறார். ஆனால் சந்துக்குள் போக முடியவில்லை.

நான் ஓட்டை போடவில்லை. வாரை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, கடைத்தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஏறி நின்று மண்மேட்டைப் பார்த்தேன். கொழுந்து எடுக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரே மட்டமாகக் கிள்ள மட்டக்கம்பைச் செடிமேல் வைத்து வைத்து, வரிசை எந்த மட்டத்தில் போகிறது என்பது கண்ணிலேயே ஏறியிருக்கும். மேட்டு ஓரத்து முதல் வரிசை, எங்கள் கடைக்கு நேர் மேலே, ஏழெட்டுச் செடி, இரண்டாம் வரிசையைவிட முழங்கால் அளவு கீழே இருந்தது. செடிகள் செழிப்பாகத்தான் இருந்தன. அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பின்னால், தண்ணீர் வடிய வெட்டுகிற கான் ஓடுகிற மாதிரி ஒரு நீளக் கோடு. அது கான் இல்லை. அந்த இடத்தில் யாரும் கான் வெட்டியதில்லை.

நான் திரும்பி வருவதற்குள் அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். வாருக்குப் பதில் கயிறு கட்டிக்கொண்டு போயிருந்தார்.

கடைக்குள் நுழைகிறபோது சீவுளி ஓடிக்கொண்டிருந்தது. பட்டைவாளைத் தாண்டிப் போய் இவர் தோளைத் தட்டினேன். அண்ணன் வந்த பிறகு அவர் ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் என்னை விட்டதில்லை. கோபத்தோடு சுவிட்சை அமர்த்தினார்.

"என்னா?"

"மெஷினு சாயல்லீங்க. மேடு தள்ளுது. அண்ணன வெளிய வரச் சொல்லுங்க."

"மேடு தள்ளுதா? யாரு சொன்னா, மேடா?"

சந்தில் கையை வைத்துச் சாண் போட்டேன். ஒரு சாண். அவ்வளவுதான். நாலு விரல் இல்லை. விரித்த கையை அப்படியே எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் காட்டினேன்.

"வைக்கிறப்ப இதுக்கு மேல நாலு வெரல் இருந்திச்சி."

"கை அளவெல்லாம் ஒரு அளவா? பொம்பள கை ஒருநாளைக்கு ஒரு மாதிரி விரியும்."

மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது. "தங்கச்சி சும்மா பயப்படுது மாப்ள. நீங்க போடுங்க, இன்னும் பதினோரு பலகைதான்."

"பாத்தியா? நிக்கிற மனுசனே சொல்றாரு."

நிற்கிற மனுசன் என்னைக்கு உண்மை சொன்னார்? நான் சந்துக்குள் நுழைந்தேன். நான் மெலிந்த ஆள். எனக்கே முதுகு பலகைச் சுவரில் உரசியது. குழிக்குள் போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றேன். மண் குளிர்ந்து கிடந்தது. மழை விட்டு வாரக்கணக்கில் ஆகியும், அறுத்த வேர்களின் முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் இல்லை. பால்தேத்தண்ணி நிறம்.

"நானும் பலகை வாங்குறேன். போடுங்க" என்றேன்.

பிறகு அவர் மெஷின்மேல் ஏறிப் படுத்து, இந்தப் பக்கம் தலையை நீட்டினார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை, கோபமும் இல்லை. வேலை கெட்டுப்போகிறபோது வருகிற முகம்.

"சரி. ஒரு ஆப்பு மட்டும் அடிச்சிட்டு இன்னைக்கு நிப்பாட்டிக்கிறேன். போதுமா?"

செதுக்கி வைத்திருந்த பத்தாவது ஆப்பை எடுத்துக்கொண்டு குனிந்தார். சுத்தியல் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானும் குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தேன். அந்தப் பக்கம் அவர் முழங்காலில் இருந்தார். சுத்தியல் தரையில் கிடந்தது. ஆப்பு அவர் கையோடு உள்ளே போயிருந்தது. அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்பது ஆப்பையும் பத்துப் பதினைந்து அடி அடித்து ஏற்றியவர். இந்த ஆப்பு அலமாரிக்குள் சாமான் வைப்பதுபோலப் போய்விட்டது. பழைய ஆப்புகளில் ஒன்றை விரலால் தொட்டார். அது ஆடியது.

அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. என் கை சொன்னதைக் கேட்காத மனுசன், தன் கை சொன்னதைக் கேட்டார்.

"மச்சான்" என்றார், மெதுவாக. "வெளிய வாங்க. சத்தம் போடாம வாங்க. ஏ புள்ள, நீ முன்னால வா."

நான் வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் அண்ணன் தோளை நுழைத்தார், வயிற்றை எக்கினார், நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டார். முன்னாலும் வர முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. மூச்சை விட்டால் இறுகுகிறது. மெஷினுக்கு மேலாக ஏறச் சொல்லலாம் என்றால், அதற்கும் பின்னால் போக வேண்டும். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காத தங்கச்சி, வலிக்குது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்குப் பின்னால், குழிக்குள், மண் பொட்டுப் பொட்டாக விழுகிற சத்தம் கேட்டது. சோற்றுப்பானையில் அரிசி போடுகிற மாதிரி.

இவர் சுத்தியலை எடுத்தார். தையல் கடைப் பலகைச் சுவரை அடித்தார். அது இவரே ஆணி வைத்து, இடைவெளி தெரியாமல் இழைத்துக் கட்டிக் கொடுத்த சுவர். அந்தப் பக்கமிருந்து தையல்காரர் கத்தினார்: "யோவ் பாஸ்! பைத்தியமா புடிச்சிருக்கு? செவுத்த ஏன்யா ஒடைக்கிற?"

"தள்ளிக்க! ரோட்டுக்கு ஓடு!"

இரண்டு பலகை பிளந்தது. மூன்றாவது பிளக்கவில்லை. கையால் பிடித்துப் பிய்த்தார். அண்ணன் பக்கவாட்டில் சாய்ந்து, தையல் கடைக்குள் துணிமூட்டைமேல் விழுந்தார். நாங்கள் நாலு பேரும் ரோட்டுக்கு வந்தோம். தையல்காரர் கையில் ஒரு சட்டைக் கை மட்டும் இருந்தது. இவர் விரல்களிலிருந்து ரத்தம் சொட்டியது.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. கிழங்குக் கடைக்காரர் வந்து என்ன ஏது என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். "உள்ள என் துணியெல்லாம் இருக்கு" என்று தையல்காரர் இரண்டு தடவை கடைக்குள் போகப் பார்த்தார். இவர் இரண்டு தடவையும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் ரோட்டோரம் குந்தி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஒரு பீடி குடிக்கிற நேரம் இருக்கும். பிறகு மேலே அந்த ஏழெட்டுச் செடியும், நின்ற வாக்கில், வரிசை குலையாமல் இறங்கி வந்தன. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற சத்தம்தான். கூரைத் தகரம் மட்டும் கத்தியது. தூசி அடங்கினபோது பின்சுவர் இல்லை, குழி இல்லை. பட்டைவாள் வரைக்கும் சிவப்பு மண். தையல் கடையிலும் பாதிக்கு மண்.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "பதினோரு பலகை மாப்ள" என்றார். இவர் அண்ணனுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார்.

நான் சொன்னேனே என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவரும் ஒன்று கேட்கலாம். மண் சுமந்தது யார், சோற்றைக் குறைத்தது யார் என்று. அவரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு அன்றிலிருந்து நான் சோறு அளந்து போட்டதில்லை. அவர் தோட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

சீவுளியைத் தோண்டி எடுக்கவில்லை. தோண்டினால் மிச்ச மேடும் வரும். இவர் வேறு இடம் தேடினார். ஒவ்வொரு இடத்துக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அளவு நாடாவை வெளியே எடுக்க மாட்டார். வாசலில் நின்றுகொண்டு, "நீ போய் பின்னால பாத்துட்டு வா" என்பார். நான் அவசரப்படாமல் போவேன். மண்ணைத் தொடுவேன், மேலே செடி வரிசையைப் பார்ப்பேன், சொட்டுகிற தண்ணீரைக் கையில் ஏந்தி நிறம் பார்ப்பேன்.

அந்தக் கடைத்தெருவிலேயே நாலு இடம் பார்த்தோம். நாலும் வேண்டாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நாலிலும் பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நான் போய்ச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை மட்டும் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "எங்கக்கா போறது?" என்றாள். அவள் பின்சுவரில் ஈரம் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது.